கை நனைத்த இடம்

கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கடலைப் பார்ப்பதென்றால் கடலைப் பார். சாப்பிடுவதென்றால் தட்டைப் பார். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் உப்புக்காற்று கண்ணிலும் மணல் வாயிலும் விழும். இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் 'கடல் தெரிகிற ஹோட்டல்' என்று ஆரம்பித்தால், நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டில் கஞ்சி குடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஒரு கடையில் ஒரு நாள் என் தலையெழுத்தே தொங்கிக்கொண்டு கிடந்தது என்பது அவர்களுக்கு வெறும் கதை.

அப்போது எங்கள் கன்னியாகுமரிப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஊரில் பாதிப் பேர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவுக்கோ, நாடு எங்கே சேர்ந்தாலும் சரி, மகள் ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. அவர் வயல்காரர். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வருகிறதா என்று பார்ப்பதும், எனக்கு மாப்பிள்ளை வருகிறானா என்று பார்ப்பதும்தான் அவருக்கு வேலை. தண்ணீராவது வருஷா வருஷம் வந்தது.

குறை என்னவென்றால் நான் உயரம். எங்கள் வீட்டு வாசல் நிலையில் குனிந்து போகிற ஒரே பெண் நான்தான். அப்பாவே நிமிர்ந்து போவார். "இம்புட்டு ஒசரத்தக் கொடுத்த பகவான் அதுக்குத் தக்கன ஒரு மாப்பிள்ளையையும் கொடுக்கப்பிடாதா?" என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சண்டை பிடிப்பாள். சாமி பதில் சொல்லாததால் கோபம் என் பக்கம் திரும்பும். "கொஞ்சம் குனிஞ்சுதான் நில்லேன்ட்டீ" என்பாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது உட்கார்ந்து சோற்றில் கை வைத்துச் சாப்பிட்டுவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். பிடிக்கவில்லை என்றால் வெற்றிலையோடு எழுந்துவிடுவார்கள். ஆகவே பெண் பார்க்கும் நாளில் தெருக்காரர்கள் பார்ப்பது மாப்பிள்ளையை அல்ல. எங்கள் வீட்டுப் புறவாசலில் எச்சில் இலை விழுகிறதா என்பதைத்தான்.

எனக்கு முதலில் வந்தவர்கள் பாயசம் கொதிக்கிற வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, "நேரமாச்சு" என்று எழுந்து போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் மோர் மட்டும் குடித்தார்கள். மோர் கணக்கில் சேருமா என்று அப்பா ஊரில் நாலு பேரிடம் விசாரித்தார். சேராதாம். இரண்டு தடவையும் மிஞ்சிய பாயசத்தைக் குடித்தது நான்தான். அழுதுகொண்டே குடித்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். இல்லை, முந்திரிப்பருப்பைத் தேடித் தேடித் தின்றேன். அழுதது அதற்கு அப்புறம்.

தோவாளையில் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். பூந்தோட்டம் உண்டு, வயல் உண்டு, இழுப்பு நோய் உண்டு. மனைவி இறந்துவிட்டாள். என்னைவிடக் கொஞ்சமே இளைய ஒரு மகளும் உண்டு. அப்பாவைவிட வயதில் மூத்தவர், அதனால் அவரை 'தம்பி' என்று கூப்பிடுவார். "பிள்ளை நல்ல ஒசரம், பரண்ல இருக்க பூக்கூடைய எடுக்க ஏணி வேண்டாம்" என்று அவர் என்னைப் பற்றிச் சொன்னதாகக் கேள்வி. மூன்றாவதாக ஒரு இடம் வந்திருக்கிறது, அதுவும் தட்டிப்போனால் தை மாதம் தோவாளைக்காரருக்குத்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மா அதைச் சொன்னபோது நான் அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குழம்பில் காயையே காணவில்லை என்று அப்பா குறைப்பட்டார்.

மூன்றாவது இடத்து மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. தகப்பனார் இல்லை. தாயாருக்கு முட்டுவலி. எல்லாம் தாய்மாமன்தான். சொத்தும் அதிகாரமும் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகிற மருமக்கள் வழி எங்கள் ஆட்களிடம் சட்டத்தில் ஒழிந்து வருஷக்கணக்காகியும், மாமன்மார்களுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அந்த மாமனிடம் பேசிவிட்டு வந்த தரகர் ஒரு திட்டம் சொன்னார்.

"வீட்டுக்கு வந்தா கை நனைக்கணுமா வேண்டாமான்னு ரெண்டு பக்கமும் சங்கடம். பேசாம கன்னியாகுமரிக்கு வந்திருங்க அண்ணாச்சி. அம்மன் தரிசனம். அவங்களும் வருகாங்க. தற்செயலாப் பாத்த மாதிரி. பொறவு கடற்கரையில புதுசா ஒருத்தன் கடை தொறந்திருக்கான், கண்ணாடி ஜன்னலு, மூணு கடலும் தெரியும். அங்கண இருந்து ஒரு காப்பி குடிப்போம். கடைச் சாப்பாடு யாரு வீட்டுச் சாப்பாடும் இல்ல பாத்தேளா? நனைச்சாலும் நனைச்சதா ஆகாது."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். அந்தத் தரகர் பெண் பார்ப்பதற்கே ஆயிரத்தையும் செலவழித்துவிடுகிற ஆள். அப்பாவுக்குத் திட்டம் பிடித்துவிட்டது. அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் முடங்கின எடத்துலயா பொண்ணு பாக்கணும்? மாப்பிள்ளை சுசீந்திரத்துல இருந்து பொறப்பட்டு, பாதி வழியில கோழி கூவி, திரும்பிப் போன ஊருல்லா அது?"

அம்மா சொன்னது கன்னியாகுமரி அம்மனுக்கும் சுசீந்திரத்துச் சாமிக்கும் நடக்காமல் போன கல்யாணத்தை. முகூர்த்தம் தவறி, சமைப்பதற்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிக் கடற்கரையில் கிடக்கிறது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சின்ன வயதில் அந்த மணலைப் பொறுக்கி நானே சோறு ஆக்கி விளையாடியிருக்கிறேன். உடைந்த அரிசி மாதிரியேதான் இருக்கும்.

"அம்மனுக்குத் தரகர் கெடையாது. நமக்கு இருக்காரு" என்று அப்பா வாதத்தை முடித்தார். புறப்படுகிற அன்று அம்மா கோழி கூவுவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்தாள். கடைச் சாப்பாட்டில் அவளுக்கு நம்பிக்கை இல்லாததால், திரும்பி வரும்போது பஸ்ஸில் சாப்பிடுவதற்கு வாழையிலையை வாட்டிப் பொதிச்சோறு கட்டினாள். சம்பா அரிசிச் சோறு, பயறு துவரன், தேங்காய்த் துவையல், வறுத்தரைத்த தேங்காயில் சின்ன வெங்காயம் போட்டு நன்றாக வற்றவைத்த உள்ளித் தீயல்.

விடிந்ததும் புறப்பட்டுக் கோட்டாறு போய் பஸ் மாறி கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். தரிசனம் முடிகிறவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் மாப்பிள்ளை என்னைப் பார்ப்பதற்கு முன்பே நான் மாப்பிள்ளையின் விலா எலும்புகளைப் பார்த்துவிட்டேன். எல்லாம் இருந்தன. மடித்த சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டினி கிடக்கிற முகத்தோடு அவர் நின்றார். பக்கத்தில் சந்தனம் பூசிய பெரிய வயிறு ஒன்று. அதன் மேலே மாமனின் முகம் இருந்தது.

"அடடே! நீங்களா! இதென்ன அதிசயம்!" என்று தரகர் போட்ட சத்தத்தில் கருவறையிலிருந்து பூசை செய்கிற போற்றியே எட்டிப் பார்த்தார்.

வரிசையில் எங்களை அடுத்தடுத்து நிற்கும்படி மாமன் எப்படியோ பார்த்துக்கொண்டார். பிறகு என் உச்சந்தலையைப் பார்த்தார், மருமகனின் உச்சந்தலையைப் பார்த்தார். நான் அம்மா சொல்லிக்கொடுத்தபடி குனிந்துதான் நின்றேன். அப்படியும் ஒரு விரற்கடை மிஞ்சியது. மாமனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அந்தக் கோணலை அதற்கு முன் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து கடற்கரைக் கடைக்குப் போனோம். கடையின் பெயரை நான் எழுதவில்லை, முதலாளியின் பிள்ளைகள் எங்காவது நன்றாக இருக்கட்டும். அவர் கொழும்பில் ஏதோ பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறிவிட்டு ஊர் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் அவருக்கு உயிர் கரண்டிகள். மேஜைக்கு மேஜை வெள்ளைத் துணியில் சுற்றிக் கரண்டி வைத்திருந்தார். சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கல்லாப்பெட்டியடியில் உட்கார்ந்து இன்னொரு கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இது என்னத்துக்கு?" என்று அப்பா கேட்டார். "துரைமாரு வந்தா வேணும்லா?" என்றார் அவர். துரைமார் எல்லாரும் கப்பலேறிப் போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடல் என்னவோ அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். வெயில் ஏறாத நேரம். பாறைகளைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டிருந்தது. கட்டுமரங்கள் பாய் விரித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீலம். நாங்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். அந்த நேரத்தில் தட்டுகள் வந்தன.

தோசை ஒரு பக்கம் கரி, மறு பக்கம் மாவு. காற்றில் அதன் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. சாம்பார் முந்தின நாளே ஆறிப்போனது. வடையைத் தரகர் இரண்டு கையாலும் பிய்க்கப் பார்த்து, முடியாமல், ஒன்றும் நடக்காததுபோலத் திரும்ப வைத்தார். மாமன் சட்டினியைத் தொட்டு ஒரு வாய் போட்டார். நறநறவென்ற சத்தம் மேஜையின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"அம்மன் கல்யாணத்துக்கு வச்ச அரிசி இன்னும் தீரல்ல போல" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

மாமன் வாயைக் கழுவுவதற்குக் காப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். முகம் மாறியது. "ஓய், காப்பியில உப்பு போட்டேரா?"

"கெணத்து வெள்ளம் அப்பிடியாக்கும்" என்றார் முதலாளி, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடலைப் பாருங்கோ, கொள்ளாம்லா?"

"சட்டினியில மண்ணு கெடக்கு."

"காத்து அப்பிடி. கடலைப் பாருங்கோ."

எதைச் சொன்னாலும் மனிதர் கடலைக் காட்டினார். கடலை என்னவோ அவரே வெட்டி, தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரி.

மாமன் தட்டைத் தள்ளி வைத்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, பாத்தாச்சு. பிள்ளை நல்ல ஒசரம். கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புகோம்" என்றார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அப்பா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாதவர் மாதிரி. எனக்குத் தோவாளைப் பூக்கூடைகளும், ஏணி இல்லாத அந்தப் பரணும், இருமல் சத்தமும் கண் முன்னால் வந்தன. தை மாதத்துக்கு அதிக நாள் இல்லை.

அதோடு பசி வேறு. பெண் பார்க்கிற இடத்தில் பெண் சாப்பிடக் கூடாது. தட்டை முன்னால் வைப்பார்கள், அவள் அதைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். நானும் அந்த வடையைப் பார்த்து இவ்வளவு நேரம் வெட்கப்பட்டாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அம்மா மடியில் வைத்திருந்த பையை எடுத்தேன். ஒரு பொதியை மேஜை மேல் வைத்துக் கட்டை அவிழ்த்தேன்.

வாட்டிய வாழையிலையின் வாசனையும் வறுத்த தேங்காயின் வாசனையும் சேர்ந்து ஒரு தட்டு தட்டியது. கடற்காற்றுக்கே அதைக் கொண்டுபோக மனம் வரவில்லை.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஏட்டி, மானத்த வாங்காத."

"அது போயாச்சு. வயிறாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை வாயில் போட்டேன். நிமிர்ந்தே உட்கார்ந்தேன். இனி யாருக்காகக் குனிய வேண்டும்?

"அது உள்ளித் தீயலா?"

மாப்பிள்ளையின் குரல். காலையிலிருந்து அந்த மனிதர் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் முன்னால் அந்தத் தோசை இன்னும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா. வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று உறைத்தது.  தரகரிடம்கூட அந்த நேரத்துக்கு ஒரு பொய் கைவசம் இல்லை. நான் இன்னொரு பொதியை எடுத்து மாப்பிள்ளை பக்கம் தள்ளினேன். அவர் கட்டை அவிழ்த்தார்.

"ஏலே மக்கா" என்றார் மாமன், மெதுவாக, பாம்பைப் பார்த்தவர்போல. "அது அவங்க வீட்டுச் சோறு. கை நனைச்சிராத."

தரகர் சுதாரித்துக்கொண்டார். "கடையில வச்சுத் தின்னா அது கடைச் சாப்பாடுதானே? ஒண்ணும் ஆகாது."

இந்த இடத்தில் அப்பா சும்மா இருந்திருக்கலாம். இருந்தாலும் வயல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வயல் நெல்லாக்கும் அது. எங்க வீட்டு அடுப்புச் சோறாக்கும். அதப் போயி இந்தக் கடைச் சாப்பாடுங்காதீரும்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மாமன் மாமன்தான்.  மேஜையிலிருந்த வெள்ளைத் துணியைப் பிரித்து ஒரு கரண்டியை எடுத்து மருமகனிடம் நீட்டினார். "பசிச்சா இதால அள்ளி ரெண்டு வாய் தின்னு மக்கா. கை நனையாது. நாளைக்கு ஒரு பேச்சும் வராது."

சட்டப்படி அதில் ஓட்டை கிடையாது. தரகர்கூட மெச்சித் தலையாட்டினார். அப்பா கீழே பார்த்தார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

மாப்பிள்ளை கரண்டியை வாங்கினார். அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் உச்சந்தலையை அல்ல. தீயல் ஒட்டியிருந்த என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கரண்டியை மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"இதுல மண்ணு இருக்கு மாமா" என்றார்.

சொல்லிவிட்டு ஐந்து விரலும் முழுக்க முங்கும்படி தீயலில் கையை வைத்தார்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அன்று மாமனின் பேச்சு பதினொன்றாவதாகப் பறந்தது. மாப்பிள்ளை நிதானமாகப் பிசைந்தார், உருட்டினார், துவையலைத் தொட்டுக்கொண்டார். இலையை வழித்து விரலை நக்கிவிட்டு, "இன்னும் ஒரு பொதி இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். அது அப்பாவுக்குக் கட்டியது. அப்பா எடுத்துக்கொடுத்துவிட்டு, கடலைப் பார்ப்பவர்போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

முதலாளி இப்போதுதான் கரண்டியை விட்டு எழுந்து வந்தார். "வெளியில உள்ள சாப்பாடு இங்க வச்சுத் திங்கப்பிடாது" என்றார்.

"நீரு கடலைப் பாரும்" என்றாள் அம்மா.

மாமன் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு கையை நீட்டினார். "சவம், நனைஞ்சது நனைஞ்சாச்சு. எனக்கும் ஒரு உருண்டை தா பிள்ளே." நான் என் பொதியில் மிச்சமிருந்ததை உருட்டிக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "கொள்ளாம்" என்றார். அந்தக் காலையில் அவர் மெச்சிய ஒரே பொருள் அதுதான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தோவாளைக்காரர் கூடை கூடையாகப் பூ அனுப்பினார், நல்ல மனிதர். பந்தியில் முதல் இலையில் மாமன் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "அந்தக் கரண்டியில மட்டும் மண்ணு இல்லாம இருந்திருந்தா நான் அன்னைக்குத் தப்பிச்சிருப்பேன்." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னிடம் தனியாக வேறு எந்தக் காரணமும் அவர் இந்த நாள்வரை சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற வாயும் அவருக்குக் கிடையாது.

நான் கேட்டதும் இல்லை. அன்றைக்கு எல்லாரும் எழுந்து வெளியே பீப்பாய்த் தண்ணீரில் கை கழுவப் போனபோது, நான் மட்டும் கொஞ்சம் பின்தங்கி, மேஜை ஓரத்தில் கிடந்த அந்தக் கரண்டியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கடையிலேயே மண் இல்லாத ஒரே பொருள் அதுதான்.